டயருக்கு எவ்வளவு காற்று?

இரவு ஏழரை மணி. பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் எழுத்தறிவு வகுப்பு தொடங்கிவிட்டது. எல்லாரும் வந்துவிட்டார்கள். டிரைவர் அண்ணா மட்டும் வரவில்லை. அவர் ஒருநாளும் தாமதமாக வரமாட்டார்.

எட்டு மணிக்கு வந்தார். கையெல்லாம் கறுப்பு. முகம் வாடி இருந்தது.

“என்ன அண்ணா, கையெல்லாம் கரி?” என்று கேட்டேன்.

“வழியில டயர் மாத்தினேன் டீச்சர். இன்னிக்கு உயிர் தப்பி வந்தோம்” என்றார்.

வகுப்பில் எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் நடந்ததைச் சொன்னார்.

அண்ணா வாடகைக் கார் ஓட்டுகிறார். கார் அவருடைய சொந்தக் கார். கடன் வாங்கி எடுத்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. 2019ஆம் ஆண்டுக்கு முன்பு வாடகை வண்டி உரிமம் வாங்க எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். அந்த ஆண்டு மத்திய அரசு அந்த விதியை நீக்கியது. அதன் பிறகுதான் அண்ணாவுக்கு உரிமம் கிடைத்தது. இப்போது அவர் தமிழ் படிக்கிறார். எண்களும் ஆங்கில எழுத்துகளும் கற்றுக்கொண்டார்.

போன மாதம் காருக்குப் பழைய அலாய் வீல் நான்கு வாங்கினார். டயரோடு சேர்த்துக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. பழைய இரும்பு வீல் 14 அங்குலம். புது வீல் 16 அங்குலம். பார்க்க அழகாக இருந்தது. மாட்டியவர் சொன்னார், “அகல டயர். 28 காத்து போதும். ரோட்டுப் பள்ளம் தெரியாது.” அண்ணாவும் அப்படியே 28 வைத்தார்.

அன்று காலை ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மைசூருக்குப் போனார். பெரியவர்கள் நான்கு பேர். டிக்கி நிறையப் பெட்டிகள். பெங்களூரு–மைசூரு அதிவேகச் சாலை 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதில் வண்டிகள் வேகமாகப் போகும். வெயிலும் ஏறியது. மத்தூர் நெருங்கும்போது வண்டி ஆடியது. ரப்பர் தீயும் நாற்றம் அடித்தது. அண்ணா மெதுவாக ஓரம் கட்டினார். பின்பக்க டயரைத் தொட்டார். கை சுட்டது. டயரின் பக்கவாட்டில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

“இன்னும் அஞ்சு கிலோமீட்டர் போயிருந்தா வெடிச்சிருக்கும் டீச்சர். பின்னாடி ஒரு கைக்குழந்தை இருந்துச்சு” என்றார். அவர் குரல் உடைந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு அண்ணா பையிலிருந்து நோட்டை எடுத்தார். “அந்த டயர் மேல இருக்கிற எழுத்தை எல்லாம் எழுதிட்டு வந்தேன். 51னு ஒரு நம்பர் இருக்கு. அதான் சரியான காத்தா? நாளைக்கு 51 வைக்கட்டுமா?” என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. என் தாய்மாமா ஜே.சி. ரோட்டில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறார். பல வருட அனுபவம் உள்ளவர். “நாளைக்குக் காலையில மாமாகிட்ட கேட்போம். அதுவரைக்கும் எதுவும் வைக்காதீங்க அண்ணா” என்றேன்.

மாமா சொன்னதை இங்கே எழுதுகிறேன். வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது உதவும். வண்டியில் போகிறவர்களுக்கும் உதவும்.

காற்று என்ன வேலை செய்கிறது?

முதலில் ஒரு கேள்வி. காரின் பாரத்தை எது தாங்குகிறது?

டயர் தாங்குகிறது என்று நாம் சொல்வோம். உண்மையில் டயருக்குள் இருக்கும் காற்றுதான் தாங்குகிறது. காற்று போனால் டயர் சப்பையாகிவிடும் அல்லவா?

வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் என்று ஒரு ஊர். அங்கே ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய மகன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டினான். கெட்டியான சக்கரம் அதிர்ந்து ஆடியது. டன்லப் ரப்பர் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். வண்டி மெத்தென்று ஓடியது. 1888ஆம் ஆண்டு அதற்கு உரிமம் வாங்கினார். இன்றும் டயரின் அடிப்படை அதுதான்.

காற்றின் அழுத்தத்தை பி.எஸ்.ஐ. என்ற அளவால் சொல்கிறோம். ஒரு சதுர அங்குல இடத்தில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்பது அதன் பொருள். பஞ்சர் கடையில் “முப்பத்தி மூணு வைங்க” என்று சொல்கிறோமே, அது இந்த அளவுதான்.

காரின் ஒரு டயர் தரையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய நம் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவுதான். நான்கு டயருக்கும் சேர்த்து நான்கு கை அளவு. பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்பும்போது வண்டி வழுக்காமல் இருப்பதும் இந்த நான்கு கை அளவு இடத்தை நம்பித்தான்.

காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். வளைத்த இடம் சுடும். டயரும் அப்படித்தான். வேகமாக ஓடினால் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை மடங்குகிறது. சூடு ஏறுகிறது. உள்ளே இருக்கும் அடுக்குகள் பிரிகின்றன. வீக்கம் வருகிறது. கடைசியில் வெடிக்கிறது. மத்தூர் பக்கத்தில் அண்ணாவுக்கு நடக்க இருந்தது இதுதான்.

காற்று அதிகமானாலும் கெடுதல்தான். டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். பிடிமானம் குறையும். மழையில் வழுக்கும். பள்ளத்தில் விழுந்தால் அடி பலமாக விழும்.

அதனால் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

சரியான அளவு எங்கே எழுதியிருக்கிறது?

அண்ணா 51 என்ற எண்ணைக் காட்டினார். மாமா தலையை ஆட்டினார்.

“இது டயர் தாங்குற உச்ச அளவு. இதுக்கு மேல போகக்கூடாதுன்னு டயர் கம்பெனி போட்டிருக்கு. வைக்க வேண்டிய அளவு இது இல்ல” என்றார்.

பிறகு அண்ணாவின் கார்க் கதவைத் திறந்தார். கதவுக்குப் பக்கத்துத் தூணில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருந்தது.

“இதைப் படிங்க” என்றார்.

அண்ணா குனிந்தார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். 165/80 ஆர் 14. அதற்கு நேராக 33. முழு பாரம் ஏற்றினால் பின் டயருக்கு 36.

அண்ணா நிமிர்ந்தார். “நாலு வருஷமா இந்தக் கதவைத் திறந்து மூடறேன். இது இங்க இருக்கிறதே தெரியாது மாமா” என்றார்.

ஒவ்வொரு காரிலும் இப்படி ஒரு தகடு இருக்கும். ஓட்டுநர் கதவுத் தூணில் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். காரோடு தந்த புத்தகத்திலும் இருக்கும். அந்தக் காரின் எடையைக் கணக்கிட்டுக் கார் கம்பெனி தந்த அளவு அது. சில தகடுகளில் 230 என்று பெரிய எண் இருக்கும். அது வேறு அளவுமுறை. 230 என்றால் ஏறக்குறைய 33 தான். 2.3 என்று இருந்தாலும் ஏறக்குறைய அதேதான்.

வீல் மாற்றினால் என்ன செய்வது?

தகட்டில் இருப்பது 14 அங்குல வீலுக்கான அளவு. அண்ணாவின் காரில் இருப்பது 16 அங்குல வீல். இப்போது எவ்வளவு வைப்பது? மாமா மூன்று வகையாகப் பிரித்துச் சொன்னார்.

முதல் வகை. வீல் மட்டும் மாறியது. டயர் அளவு மாறவில்லை. இரும்பு வீலுக்குப் பதில் அதே அளவு அலாய் வீல். இதற்குத் தகட்டில் உள்ள அளவே போதும். வீல் எந்த உலோகம் என்பது காற்றுக்கு முக்கியம் இல்லை.

இரண்டாம் வகை. டயர் அளவு மாறியது. ஆனால் அந்தப் புது அளவும் தகட்டில் இருக்கிறது. ஒரே காருக்குக் கம்பெனியே இரண்டு அளவு டயர் தருவது உண்டு. புது அளவுக்கு நேராக உள்ள எண்ணைப் பாருங்கள். அதை வையுங்கள். வீல் மாற்ற நினைப்பவர்களுக்கு இதுதான் நல்ல வழி.

மூன்றாம் வகை. புது அளவு தகட்டில் இல்லை. அண்ணாவின் கார் இந்த வகை. இதில்தான் கவனம் தேவை. காற்றைப் பற்றி யோசிக்கும் முன் அந்த டயர் நம் காருக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு டயர் மேல் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

டயரைப் படிப்போம்

அண்ணாவின் பழைய டயரில் இப்படி இருந்தது: 165/80 ஆர் 14 85.

165 என்பது டயரின் அகலம். மில்லிமீட்டரில்.

80 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் 100க்கு 80 பங்கு.

ஆர் என்றால் ரேடியல் வகை டயர்.

14 என்பது வீலின் குறுக்களவு. அங்குலத்தில்.

85 என்பது பாரக் குறியீடு. இது கிலோ கணக்கு அல்ல. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு எடை உண்டு.

82 என்றால் 475 கிலோ.
84 என்றால் 500 கிலோ.
85 என்றால் 515 கிலோ.
87 என்றால் 545 கிலோ.
88 என்றால் 560 கிலோ.

ஒரு டயர் தாங்கும் எடை இது. ஆனால் சாதாரண டயர் இந்த முழு எடையைத் தாங்கச் சுமார் 36 காற்று இருக்க வேண்டும். காற்று குறையக் குறையத் தாங்கும் எடையும் குறையும்.

இப்போது புது டயரைப் பார்த்தோம். 195/50 ஆர் 16 84.

அண்ணா தன் நோட்டில் எழுதினார். பழையது 85, 515 கிலோ. புதியது 84, 500 கிலோ.

“அகலமா இருக்கு. ஆனா தாங்குறது கம்மி!” என்றார்.

“அதேதான். அகலத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஏற்கெனவே தாங்குறது கம்மி. அதுல காத்தையும் 28ஆ கொறைச்சீங்க. நாலு பேரு, பெட்டி, வேகம், வெயில். டயர் என்ன செய்யும்?” என்றார் மாமா.

அடுத்து உயரத்தைக் கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

பழைய டயர்: 165இல் 80 பங்கு 132. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர். அதனால் 264. வீல் 14 அங்குலம். அது சுமார் 356 மில்லிமீட்டர். கூட்டினால் 620.

புது டயர்: 195இல் 50 பங்கு 97.5. இரண்டு மடங்கு 195. வீல் 16 அங்குலம். அது சுமார் 406. கூட்டினால் 601.

19 மில்லிமீட்டர் வித்தியாசம். டயர் சின்னதானால் ஒரு சுற்றில் குறைந்த தூரம்தான் ஓடும். வேகமுள் 100 காட்டும்போது முன்பு ஓடியதில் 97 பங்குதான் வண்டி ஓடும். மத்தூரில் அண்ணா மாட்டிய ஸ்டெப்னி பழைய 14 அங்குலம். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் தாழ்வு. அதனால்தான் மெதுவாக ஓட்டி வர வேண்டியிருந்தது.

மாமா ஒரு வழி சொன்னார். அதே 16 அங்குல வீலுக்கு 195/55 ஆர் 16 87 என்ற டயர் உண்டு. கணக்குப் போட்டோம். உயரம் 621. பழைய டயரோடு ஒத்துப் போகிறது. தாங்கும் எடை 545 கிலோ. பழையதைவிட அதிகம். வீலின் அகலத்துக்கு அது பொருந்துமா என்று மாமா அளந்து பார்த்தார். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை என்றும் பார்த்தார். பிறகுதான் சரி என்றார்.

இப்போது காற்றுக்கு வருவோம். புது டயர் பழைய டயருக்குச் சமமாகவோ அதிகமாகவோ தாங்கினால், தகட்டில் உள்ள அளவில் தொடங்குங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள். அண்ணாவுக்கு அது 33. முழு பாரம் ஏற்றும் நாளில் பின் டயருக்கு 36. பக்கச்சுவர் குட்டையான டயருக்குத் தகட்டு அளவைவிட 1 அல்லது 2 கூட்டி வைக்கலாம். பள்ளத்தில் வீல் அடிபடாமல் இருக்கும்.

இன்னொரு செய்தி. சில டயரில் எக்ஸ்.எல். என்ற எழுத்து இருக்கும். அது கூடுதல் பாரம் தாங்கும் டயர். ஆனால் தன் முழு எடையைத் தாங்க அதற்குச் சுமார் 42 காற்று வேண்டும். அதனால் அதற்குத் தகட்டு அளவு போதாமல் போகலாம். டயர் கம்பெனியிடம் பார அட்டவணை இருக்கும். விற்பவரிடம் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

பாரக் குறியீடு குறைந்த டயரை வாங்கவே வாங்காதீர்கள். காற்றைக் கூட்டி அதைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள்.

அமெரிக்காவில் நடந்தது

காற்று நாலைந்து பாயிண்ட் குறைந்தால் என்ன என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்ற கார் இருந்தது. அதில் ஃபயர்ஸ்டோன் டயர் போட்டிருந்தார்கள். ஃபோர்டு கம்பெனி 26 காற்று வைக்கச் சொன்னது. டயர் கம்பெனி 30 வைக்கச் சொன்னது. ஓடும்போதே டயரின் மேல் அடுக்கு கழன்றது. வண்டிகள் உருண்டன. வெயில் மிகுந்த மாநிலங்களில்தான் விபத்து அதிகம் நடந்தது.

2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த விபத்துகளில் 271 பேர் இறந்ததாக அந்த நாட்டு அரசு கணக்குக் காட்டியது. காற்று மட்டுமே காரணம் அல்ல. டயரைச் செய்ததிலும் குறை இருந்தது என்றார்கள். இரண்டு கம்பெனிகளும் ஒன்றை ஒன்று குறை சொல்லின. ஆனால் குறைந்த காற்றும் சூடும் டயரை மேலும் கெடுத்தன.

அதன் பிறகு அங்கே சட்டம் வந்தது. காற்று குறைந்தால் விளக்கு எரியும் கருவி புதுக் கார்களில் கட்டாயம் ஆனது. நம் நாட்டிலும் சில கார்களில் அந்தக் கருவி உண்டு. பல கார்களில் அது வீலுக்கு உள்ளேயே இருக்கும். வீல் மாற்றும்போது அதைப் புது வீலுக்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய வீலோடு போய்விட்டால் விளக்கு சரியான செய்தியைச் சொல்லாது.

எப்போது பார்ப்பது? எப்படிப் பார்ப்பது?

காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். ஓடிய டயர் சூடாக இருக்கும். சூட்டில் காற்று விரியும். அளவு கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். டயர் ஆறியதும் அளவு குறைந்துவிடும்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே 33 வைத்துச் சென்னைக்கு இறங்கினால் உயரம் மாறியதால் அளவு ஒன்று, ஒன்றரை குறையும். ஆனால் சென்னையில் வெப்பம் அதிகம். அது அளவைக் கூட்டும். பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். போன உடனே அளவை மாற்ற வேண்டாம். மறுநாள் காலையில் பார்த்தால் போதும்.

நல்ல டயரிலும் மாதத்துக்குச் சுமார் ஒரு பாயிண்ட் காற்று தானாகக் குறையும். அதனால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். ஒவ்வொரு இடத்து மீட்டரும் ஒவ்வொரு மாதிரி காட்டலாம். சொந்தமாக ஒரு சின்ன மீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சாக்பீஸ் சோதனை

மாமா கடைசியாக ஒன்று கேட்டார். “டீச்சர்கிட்ட சாக்பீஸ் இருக்குமே?”

என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மாமா டயரின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கோடு போட்டார். ஈரம் இல்லாத சமமான ரோட்டில் அண்ணா கொஞ்ச தூரம் நேராக ஓட்டினார். பிறகு இறங்கிப் பார்த்தோம்.

நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரத்தில் மட்டும் அழிந்தால் காற்று குறைவு. கோடு முழுதும் ஒரே மாதிரி அழிந்தால் சரி. பழைய டயரின் தேய்மானத்தையும் இப்படியே பார்க்கலாம்.

28 காற்று வைத்த டயரில் இரண்டு ஓரமும் அழிந்திருந்தது. நடுவில் கோடு அப்படியே இருந்தது.

அண்ணா இரண்டு மாதச் சேமிப்பைப் போட்டு நான்கு புது டயர் வாங்கினார். 33 வைத்தார். மீண்டும் கோடு போட்டோம். கோடு முழுதும் அழிந்தது.

அன்று வகுப்பில் அண்ணா எல்லாருக்கும் இதைச் சொன்னார். கரும்பலகையில் அவரே எழுதினார். 195/55 ஆர் 16 87. கை கொஞ்சம் நடுங்கியது. ஆனால் ஒரு எழுத்தும் தப்பவில்லை.

“51ஐப் படிச்சேன். ஆனா எங்க படிக்கணும்னு தெரியல. இப்ப தெரியும்” என்றார்.

நண்பர்களே, உங்களிடம் கார் இல்லாமல் இருக்கலாம். உங்கள் மகனோ தம்பியோ வண்டி ஓட்டலாம். நீங்கள் வாடகைக் காரில் ஊருக்குப் போகலாம். ஏறும் முன் டயரைப் பாருங்கள். “காத்து பாத்தீங்களா?” என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

நினைவில் வைப்போம்

1. வைக்க வேண்டிய காற்று அளவு கார்த் தகட்டில் இருக்கிறது. டயர் மேல் இருப்பது உச்ச அளவு.
2. டயர் அளவு மாறாமல் வீல் மட்டும் மாறினால் அதே காற்று.
3. டயர் அளவு மாறினால் முதலில் பாரக் குறியீட்டைப் பாருங்கள். பழையதைவிடக் குறையக் கூடாது.
4. தகட்டு அளவுக்குக் கீழே காற்று வைக்காதீர்கள்.
5. காலையில், டயர் ஆறி இருக்கும்போது அளந்து பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் தெருவில் நிற்கும் ஒரு காரின் டயரைப் பாருங்கள். அதில் உள்ள எண்களை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணும் எதைச் சொல்கிறது?
2. ஒரு டயரில் 185/65 ஆர் 15 என்று இருக்கிறது. அதன் மொத்த உயரம் எவ்வளவு? 15 அங்குலம் 381 மில்லிமீட்டர்.
3. பழைய டயர் 88. புது டயர் 84. இதை வாங்கலாமா? ஏன்?